எங்கே இறங்கலாம்

பிப்ரவரி 3

அண்ணா,

உன் முதலாளி ஒரு பொய்யர். கோபத்தில் எழுதவில்லை, ஆதாரம் கையில் இருக்கிறது. உங்கள் தீவிலுள்ள ஏழு டைவிங் கடைகளின் விளம்பரத் தாள்களும் என் மேஜையில் கிடக்கின்றன. ஏழிலும் ஒரே ஆமை. இடது துடுப்பில் ஒரு கீறல், அதே கீறல். ஏழு பேரும் 'எங்கள் ஆமை' என்று போட்டிருக்கிறார்கள். உன் முதலாளி ஒரு படி மேலே போய் அதற்குச் செல்லப் பெயரும் வைத்திருக்கிறார்.

நலம் விசாரித்துவிட்டுத்தான் சண்டைக்கு வந்திருக்க வேண்டும். அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

விஷயம் இதுதான். எங்கள் டிராவல்ஸ் ஆபீசில் புதிதாக ஒரு கையேடு போடுகிறார்கள். அதில் 'எங்கே இறங்கலாம்' என்று இரண்டு பக்கம். வெயில் நாட்டுக் கடலில் ஸ்கூபா போக ஆசைப்படுகிறவர்களுக்கு எந்த இடம் நல்லது, எந்தக் கடையில் பதியலாம் என்று நாங்கள் சொல்ல வேண்டுமாம். மேனேஜர் அதை என் தலையில் கட்டிவிட்டார். "உங்க அண்ணன் அங்கதானேம்மா கைடா இருக்கார்? உனக்குத் தெரியாததா?" என்றார். எனக்கு என்ன தெரியும்? முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டதில்லை. மூன்றாவது மாடியில், ஏசி சொட்டுகிற வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கடலின் நிறத்தை வர்ணிக்கிறேன். ஒப்பந்த வேலை வேறு. இந்தப் பக்கங்கள் எடுபட்டால் நிரந்தரமாக்குவோம் என்கிறார்கள்.

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய். தவிர, உங்களுக்குப் படகுத்துறையில் மட்டும்தான் சிக்னல், அங்கே உன் முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். அதனால் எழுதிக் கேட்கிறேன். உண்மையைச் சொல். எங்கே இறங்கலாம்? எங்கே இறங்கக்கூடாது?

அம்மாவின் அன்போடு,
உன் வாயாடி

பிப்ரவரி 26

வாயாடிக்கு,

உன் கடிதம் சரக்குப் படகில் வெங்காய மூட்டைக்கு அடியில் வந்தது. அதனால்தானோ என்னவோ படிக்கும்போதே கண் எரிந்தது. நான் சௌக்கியம். கறுத்திருக்கிறேன், அது நோயில்லை. அம்மாவைப் படியேற விடாதே. துணி காயப்போடுவதை நீ செய்.

ஆமை விஷயத்தில் நீ சொல்வது சரி. அது எந்தக் கடல் ஆமை என்று எங்களுக்கே தெரியாது. எங்கள் ஆமைக்குக் கேமரா ஆகாது. பின்பக்கத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகும்.

இனி இடங்கள். முதலாவது தெற்குத் திட்டு. பன்னிரண்டு மீட்டர்தான் ஆழம். வெளிச்சம் அடிவரை இறங்கும். ஒரு பவளப்பாறையைப் பிடித்த மாதிரி அரை மணி நேரம் அசையாமல் கிடந்தால் போதும், மீன்கள் நம்மைக் கல் என்று நினைத்து வந்து உரசும். புதிதாக இறங்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டாவது விளக்குப் பாறை. நீரோட்டம் இழுக்கும், பழகினவர்களுக்கு மட்டும். மூன்றாவது உடைந்த கப்பல். முப்பத்திரண்டு மீட்டர். போட்டோவில் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த ஆழத்தில் இழுக்கிற காற்று ரத்தத்தில் கரைந்து தங்கும். கொஞ்ச நேரத்தில் கிளம்பி, வழியில் நின்று நின்று மேலே வந்தால்தான் அது ஒழுங்காக வெளியே போகும். எல்லாரும் கப்பலைத்தான் கேட்பார்கள். நீ அதைக் கடைசியில் போடு, பொடி எழுத்தில் போடு.

எங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முங்கு, சீசனில் மூன்று. கையில் கம்ப்யூட்டர் வாட்ச் கட்டியிருப்போம். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எப்போது ஏற வேண்டும் என்று அது சொல்லும். பேச்சைக் கேட்காவிட்டால் கோபித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொள்ளும். கடைச் சுவரில் ஆணி அடித்து ஏழெட்டு வாட்ச் தொங்கவிட்டிருக்கிறோம். ஒன்று கோபித்தால் அதை மாட்டிவிட்டு அடுத்ததைக் கட்டிக்கொள்வோம். "வீட்லயும் இப்படி ஒரு ஆணி இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்!" என்பான் நெட்டை. என்னோடு இருக்கும் இன்னொரு கைடு. போன மாதம்தான் அப்பாவானான், குழந்தை ராத்திரி தூங்க விடுவதில்லையாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு என் வணக்கம்.

அண்ணன்

மார்ச் 19

அண்ணா,

இங்கே இருவரும் சுகம். துணி நான்தான் காயப்போடுகிறேன், அம்மா கீழே நின்று சத்தம் போட்டு மேற்பார்வை செய்கிறாள். நீ நலமா?

கையேடு அச்சாகிவிட்டது. இத்தோடு ஒன்று வைத்திருக்கிறேன். நீ சொன்ன வரிசையில்தான் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் மாற்றிவிட்டார். உடைந்த கப்பல் முதலில் வந்துவிட்டது, முழுப்பக்கப் படத்தோடு. தெற்குத் திட்டு மூன்றாவது. "ஆழமே இல்லாத எடத்துக்கு எவன் பணத்தைக் கொட்டிட்டு வருவான்?" என்றார். என்ன செய்ய?

ஒரு நல்ல செய்தி: கடைகளில் உங்கள் கடையை மட்டும்தான் போட்டிருக்கிறோம். 'பல்லாண்டு அனுபவமுள்ள வழிகாட்டிகள்' என்று உன்னை நினைத்துத்தான் எழுதினேன். அம்மா அந்த வரியை அடுத்த வீட்டுக்காரர்களிடம் படித்துக் காட்டினாள். உன் பெயரே இல்லாத வரி அது. அதற்கு அவ்வளவு பெருமை அவளுக்கு.

வேலையும் நிரந்தரமாகிவிட்டது. அடையாள அட்டையில் என் மூஞ்சி திருட்டுக் கேஸில் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறது.

சீக்கிரம் எழுது. வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

உன் வாயாடி

ஏப்ரல் 24

வாயாடிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள். வேலை நிரந்தரமானதில் ரொம்பச் சந்தோஷம்.

எழுத நேரமில்லை. உன் கையேட்டைக் கையில் பிடித்துக்கொண்டே படகிலிருந்து இறங்குகிறார்கள். படத்தில் விரலை வைத்து, "இது, இதுக்குத்தான் போகணும்" என்கிறார்கள். இரண்டு மூன்று நாள்தான் தங்குகிறார்கள், அதற்குள் கப்பலைப் பார்த்தாக வேண்டும். நானும் நெட்டையும்தான் அவ்வளவு ஆழம் கூட்டிப்போகிறவர்கள். ஒரு நாளைக்கு நான்கு முங்கு ஆகிவிடுகிறது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். எங்களுக்குக் கடைப் பெயர் போட்ட பனியன் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு பெரியவர் ஆமையைக் காட்டாமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். இடது துடுப்பில் கீறல் இருக்க வேண்டுமாம்.

காலையில் எழுந்தால் கை கொஞ்சம் மரத்திருக்கிறது. தூங்கினவாக்கு சரியில்லை போல. இன்னொரு தலையணை வாங்க வேண்டும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

மே 11

அண்ணா,

நாங்கள் சுகம். உன் உடம்பு எப்படி? இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. நீ போகிறபோக்கில் தலையணை பற்றி எழுதியதை அம்மா பிடித்துக்கொண்டாள். நான் பனியன் கதையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள், "மறுபடி படி. கை என்ன ஆச்சாம் அவனுக்கு?" என்றாள். எந்தக் கை? தினமுமா? நேராகப் பதில் எழுது.

கையேடு சக்கைப்போடு போடுகிறது. ஜூலையில் ஆபீஸ் செலவில் ஒருவரை அங்கே அனுப்பப்போகிறார்கள், நேரில் பார்த்து எழுத. அந்த ஒருவர் நான்தான்! எனக்கும் கடலுக்கடியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்னை நீ கூட்டிப்போவாய் அல்லவா? நீச்சல் தெரியாது, கத்தத் தெரியும். எங்கே இறங்கட்டும்? தெற்குத் திட்டா?

பதிலுக்குக் காத்திருக்கிறோம், இருவரும்.

உன் வாயாடி

ஜூன் 30

தங்கைக்கு,

நலம். நலம்தானே? பேனா சரியில்லை, எழுத்து பெரிது பெரிதாக விழுகிறது. பொறுத்துக்கொள்.

ஜூலையில் வராதே. காற்று மாறும் நேரம், தண்ணீர் கலங்கலாக இருக்கும். வந்தே ஆக வேண்டுமென்றால் இங்கே வராதே. வடக்கே அடுத்த தீவில் ஓர் அம்மா தனியாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். படகு ஒன்று, கைடு அவர் மட்டும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, அதற்குமேல் கெஞ்சினாலும் இறங்கமாட்டார். நிறையப் பேரைச் சேர்க்கவும் மாட்டார். அவரிடம் போ. ஏழு மீட்டரில் ஒரு மணல் திட்டு இருக்கிறது, அங்கே கூட்டிப்போகச் சொல். காது வலித்தால் உடனே கையைக் காட்டு, வீம்பு பிடிக்காதே. மேலே வரும்போது உன் மூச்சுக் குமிழியைவிட மெதுவாக வா.

என்னை வந்து பார்க்க வேண்டாம். சீசன், நிற்க நேரமிருக்காது.

அம்மாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

அண்ணன்

ஜூலை 9

அண்ணா,

அம்மா நலம். நான் நலமில்லை, எரிச்சலில் இருக்கிறேன்.

நான் கையைப் பற்றிக் கேட்டேன், நீ காற்றைப் பற்றி எழுதுகிறாய். சரி, இதற்காவது பதில் சொல். என் கையேட்டைப் பார்த்து வருகிறவர்கள் உன் கடைக்கு வரலாம், உன் தங்கை மட்டும் அடுத்த தீவுக்குப் போக வேண்டும். அப்படியென்றால் உன் கடையில் என்ன இருக்கிறது?

நேற்று ஒரு பல் டாக்டர் அம்மா வந்தார். போன மாதம் உங்கள் கடையில் இறங்கியவர். எல்லாம் பிடித்திருந்தது என்று சொல்லத்தான் வந்தார்.

"கடல்லாம் அருமை. ஆனா உங்கண்ணன்னு சொன்னீங்களே, அவர் எங்களோட வரவே இல்ல. நெட்டையா ஒருத்தர்தான் கூட்டிட்டுப் போனார்."

"அப்ப எங்கண்ணன் எங்க இருந்தார்?"

"கரையிலதான். சிலிண்டருக்குக் காத்து அடைச்சுக் குடுத்துட்டு இருந்தார். பாவம், எடது கால இழுத்து இழுத்து நடக்கறார். பொறந்ததுலேருந்தே அப்படியாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் போனதும் வாளித் தண்ணீரைக் கொட்டப் போகிற சாக்கில் பாத்ரூமில் நின்று அழுதேன்.

பயணத்தை ரத்து செய்துவிட்டேன். பேனா மேல் பழியைப் போடாதே. என்ன நடந்தது?

தங்கை

ஆகஸ்ட் 6

வாயாடிக்கு,

உயிரோடு இருக்கிறேன், அந்த அளவில் நலம். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே.

மே இருபது. காலையிலிருந்து நான்கு முங்கு ஆகியிருந்தது. சாயங்காலம் முதலாளி வந்தார்.

"இன்னொரு செட்டு இருக்குடா. நாளன்னிக்கு அவங்களுக்கு பிளைட்டு, நாளைக்கு எறங்கக்கூடாது. கப்பலப் பாக்காம போகமாட்டேங்கறாங்க."

"வாட்ச் பூட்டிக்கிச்சு மொதலாளி."

"செவுத்துல இல்லாத வாட்சா?"

பிளைட்டுக்கு முந்தின நாள் இறங்கினால் வாடிக்கையாளர் உடம்புக்கு ஆகாது. அதற்குச் சட்டம் உண்டு, அதை எங்கள் கடையில் ஒருநாளும் மீறியதில்லை. எங்கள் உடம்புக்கு ஆணிதான்.

நான்தான் போய் எடுத்துக் கட்டினேன். யாரும் என் கையைப் பிடித்துக் கட்டிவிடவில்லை. இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். வாட்ச், தான் போன ஆழத்தைத்தான் கணக்குப் பார்க்கும், கட்டியிருக்கிறவனைப் பார்க்காது. நான் அப்போதுதான் குளித்துவிட்டு வீட்டிலிருந்து வந்தவன் என்று அது நினைத்தது. நிறைய நேரம் இருக்கிறது, போ என்றது. என் உடம்பில் நான்கு முங்கின் காற்று கரைந்து நிற்பது எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

மேலே வந்து படகில் துண்டை எடுக்க எழுந்தேன். இடது கால் இல்லை. கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இல்லை. உடம்பில் தங்கிய காற்றை வெளியேற்றும் அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போயிருந்தால் சரியாகியிருக்கும் என்கிறார்கள். அது கடல் தாண்டி, பெரிய கரையில் இருக்கிறது. படகை அனுப்பினால் மறுநாள் ட்ரிப் நின்றுவிடும். "ஆக்சிஜன் புடிச்சுட்டுப் படு, காலையில எந்திரிச்சு ஓடுவ," என்றார் முதலாளி. இரண்டு நாள் கழித்து சரக்குப் படகில் போனேன்.

இனி இறங்கக்கூடாது என்றுவிட்டார்கள். காலும் இடது கையும் பாதி வேலை செய்கின்றன. எழுதுகிற கை நன்றாகத்தான் இருக்கிறது, தாளைப் பிடிக்கிற கைதான் நழுவுகிறது. சிலிண்டர் நிரப்புகிற வேலை கொடுத்திருக்கிறார். பரவாயில்லை.

நான் மாட்டேன் என்றிருந்தால் நெட்டை போயிருப்பான். அவனுக்கும் அன்று நான்கு ஆகியிருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் இருவரும்.

அண்ணன்

ஆகஸ்ட் 20

அண்ணா,

நலம் விசாரிக்க வாய் வரவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் சாப்பிட முடியவில்லை. அவள் அழவில்லை. "கால் எப்படி இருந்தா என்ன, ஆளை வரச் சொல்லு," என்றாள். உன் கட்டிலைக் கீழ் அறைக்கு இறக்கிவிட்டோம், படி ஏற வேண்டாம் என்று.

மேனேஜரிடம் போனேன்.

"கடைப் பேரை எடுக்கணுமா? எடுத்துடலாம், அதுக்கென்ன. பக்கத்துக் கடைக்காரன் வேற தன் பேரைப் போடச் சொல்லித் தெனம் போன் பண்றான்."

"அங்கயும் இப்படித்தானான்னு விசாரிக்கணும் சார்."

"அம்மா, நாம டிக்கெட் போடறவங்க. கடலுக்கடியில நடக்கறத நாம எட்டிப் பாக்க முடியுமா?"

"எங்கண்ணனுக்கு நடந்துருக்கு சார்."

"அதான் பேரை எடுத்துடலாம்னுட்டேனே."

அவர் ரொம்ப நல்ல மனிதர், அண்ணா. எனக்காகக் காப்பி வரவழைத்தார். அந்த டம்ளரை அவர் மேஜையிலேயே கவிழ்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த பதிப்பு அக்டோபர் கடைசியில் அச்சுக்குப் போகிறது. உங்கள் கடையை அடித்துவிடுகிறேன். நீ கிளம்பி வா. டிக்கெட் போடுகிற வேலையில்தான் இருக்கிறேன், அதற்காவது உதவட்டும். மற்ற கடைச் சுவர்களிலும் ஆணி இருக்கிறதா, அதையும் எழுது.

தங்கை

செப்டம்பர் 28

வாயாடிக்கு,

நலம். அம்மாவின் காலடியில் ஒரு கும்பிடு போட்டுச் சொல், நான் நன்றாக இருக்கிறேன் என்று.

கடையை அடிக்காதே.

ஏழு கடையிலும் சுவர் இருக்கிறது. நீ எதை எழுதினாலும் அங்கே ஆணியும் இருக்கும். நான் சொன்ன வடக்குத் தீவு அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நான்கு பேரைத்தான் கூட்டிப்போக முடியும், உங்கள் ஆபீசுக்கு அது உறைபோடக் காணாது. எங்கள் கடையில் ஒன்பது பேர் இருக்கிறோம். வருகிறவர்களில் பாதிக்கு மேல் உன் கையேட்டால் வருகிறவர்கள். முதலாளிக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"ஒன் தங்கச்சி பேரை எடுத்தா எடுக்கட்டும். நான் கடைய மூடிட்டு வேற தொழில் பாத்துப்பேன். நீங்க ஒம்பது பேரும் என்ன பண்ணுவீங்கன்னு அந்தப் பொண்ணையே கேளு."

இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது.

நான் வந்து என்ன செய்ய? கீழ் அறையில் படுத்துக்கொண்டு நீ துணி காயப்போடுவதைப் பார்க்கவா? இங்கே ஒரு வேலை இருக்கிறது. காலையில் நெட்டை சிரித்துக்கொண்டே வந்து கையை நீட்டுவான், சிலிண்டரைக் கொடுப்பேன். சாயங்காலமும் அவன்தான் வருகிறான். அப்போது சிரிப்பதில்லை. குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டதாம்.

வேறொன்றும் இல்லை. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அண்ணன்

அக்டோபர் 12

அண்ணா,

அம்மா நலம், கீழ் அறையைத் தினமும் கூட்டுகிறாள். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதாதே, தெரியும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மேனேஜர் வரிசையை மாற்றவில்லை. நான்தான் மாற்றினேன். நீ சொன்ன வரிசையில் தெற்குத் திட்டை முதலில் வைத்துப் பார்த்தேன், பக்கம் சோபையில்லாமல் இருந்தது. கப்பலை மேலே போட்டதும் பக்கமே எழுந்து நின்றது. இது கையில் இருந்தால் வேலை நிரந்தரம் என்று தெரிந்தது. ஆழமில்லாத இடத்துக்கு எவன் வருவான் என்று சொன்னது அவர் இல்லை, நான். உன்னிடம் விரலை வைத்துக் காட்டினார்களே, மே இருபதில் உன்னை இறக்கியதே, அது நான் தேர்ந்தெடுத்த படம்.

நீ உன் கையால் வாட்சைக் கட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். நல்லது. முதலாளிக்கு ஒன்றுமில்லை, மேனேஜருக்கு ஒன்றுமில்லை, எல்லாப் பாவத்தையும் நாம் இருவரே பங்கு போட்டுக்கொள்வோம்.

இப்போது அந்தப் பக்கம் என் முன்னால் வெறுமையாக இருக்கிறது. 'ஒரு கைடு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் இறங்காத கடையில் மட்டும் பதியுங்கள்' என்று ஒரு வரி எழுதினேன். மேனேஜர் பச்சை மையால் அடித்தார். பயமுறுத்துகிறதாம். தெற்குத் திட்டை முதலில் போட ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். கப்பல் மூன்றாவது, பொடி எழுத்தில். கடையின் பெயர்தான் பாக்கி. அதை என்னிடமே விட்டுவிட்டார்.

போட்டால் நெட்டை இறங்கிக்கொண்டே இருப்பான். அடித்தால் ஒன்பது குடும்பம் நடுத்தெருவுக்கு வரும், அதில் நெட்டையின் குழந்தையும் உண்டு. நீ 'அடிக்காதே' என்று சொல்லிவிட்டாய். ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். காலையில் வந்தான், சாயங்காலம் வந்தான் என்று எழுதினாய், எத்தனை சிலிண்டர் கொடுத்தாய் என்று எழுதவில்லை.

அந்தத் தீவில் எனக்கு உண்மை சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. ஒவ்வொரு சிலிண்டரும் உன் கையைத் தாண்டித்தான் அவன் முதுகுக்குப் போகிறது. மூன்று என்று எழுது, கடை அப்படியே இருக்கும். நான்கு, ஐந்து என்று எழுது, அடித்துவிடுகிறேன், ஒன்பது பேரும் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். அச்சுக்கு இருபத்தெட்டாம் தேதி போகிறது.

தங்கை

நவம்பர் 2

அண்ணா,

நாங்கள் இருக்கிறோம். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

சரக்குப் படகு இரண்டு முறை வந்து போய்விட்டது, விசாரித்துவிட்டேன். உங்கள் தீவுத் தபால் மூட்டையில் எனக்கு எதுவும் இல்லை. படகுத்துறை நம்பருக்கு மூன்று நாளாகப் போன் செய்கிறேன், எடுத்து வைத்துவிடுகிறார்கள். இருபத்தெட்டு போய் ஐந்து நாளாயிற்று. அச்சகத்துக்காரர் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிக்கிறார். இன்று சாயங்காலம் வரை என்று கெஞ்சி, நாளை காலை வரை வாங்கியிருக்கிறேன். இந்தக் கடிதம் அதற்குள் உன் கைக்கு வராது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நலம் வேண்டாம். விளக்கம் வேண்டாம். அம்மாவுக்குக் கும்பிடு வேண்டாம். ஒரே ஒரு எண்.

நெட்டை இன்றைக்கு எத்தனை முறை இறங்கினான்?